பட்டியலில் இல்லாத ஆள்

படகுத்துறையில் அவளுக்குப் பெயர் விசில். கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்கும். அது தொங்காத நாளில் நான் அவளைப் பார்த்ததே இல்லை. நகரத்திலிருந்து தீவுக்கு ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போகும் கம்பெனியில் அவள் கைடு, நான் படகோட்டி. பதினான்கு வருடமாக ஒரே படகு. என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். சண்டை வந்துவிட்டால் அந்த அண்ணேவைச் சொல்கிற விதத்திலேயே நம் தோலை உரித்துவிடுவாள்.

பெரும்பாலும் சண்டை தலை எண்ணுவதைப் பற்றித்தான். எங்கள் கம்பெனியில் வரும் பயணிகளுக்கு மஞ்சள் தொப்பி கொடுப்போம். திரும்பும்போது அவள் படகில் ஏறும் பலகை ஓரமாக நின்று, ஏறுகிற ஒவ்வொரு தொப்பியையும் விரலால் தொட்டு எண்ணுவாள். எல்லாரும் உட்கார்ந்தபின் கடைசி வரிசையிலிருந்து மறுபடியும் எண்ணுவாள். பிறகு கையிலிருக்கும் பட்டியலைப் பார்ப்பாள். எல்லாம் ஒத்துப்போனால் கட்டைவிரலைத் தூக்குவாள். அந்த விரல் உயராமல் நான் எஞ்சினை உறுமவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

"ரெண்டு தடவை எண்ணியாச்சுல்ல, மூணாவது தடவை எண்ணினா குட்டி போட்டுருவாங்களா?" என்று நான் கத்துவேன்.

"உங்களுக்கு அவசரம்னா நீங்க நீந்திப் போங்கண்ணே," என்பாள்.

அவளுக்கு முன்னால் இருந்த கைடு ஒரு வயதானவரைத் தீவிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். மறுநாள் காலையில்தான் போய்க் கூட்டிவந்தோம். மனிதர் உயிரோடுதான் இருந்தார். ஆனால் அன்று அவர் எங்களைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் விளக்கமாட்டேன். அந்தக் கைடின் வேலை போனது, அந்த இடத்துக்கு இவள் வந்தாள். வந்த முதல் நாளே அந்தக் கதையை நான்தான் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, நேராகக் கடைக்குப் போய் விசில் வாங்கி வந்தாள்.

அவளுக்குக் கடல் என்றாலே பயம். இது எனக்கும் எஞ்சின்காரருக்கும் மட்டும்தான் தெரியும். நீச்சல் தெரியாது. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு "இந்தப் பக்கம் தண்ணி ரொம்பச் சாது, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். மறு கை கம்பியை விடவே விடாது.

அவள் வீட்டுக்காரர் தகரப் பட்டறையில் இருந்தவர். இருபத்திரண்டு வருடம் தகரத்தை அடித்து அடித்துக் காது போய்விட்டது, பிறகு பட்டறையும் போய்விட்டது. அதன் பிறகுதான் இவள் வேலைக்கு வந்தாள். இரண்டாம் மாடியில் ஒரே அறை, ஒரு சமையல் மேடை, துணி காயப்போட ஒரு கம்பி. நான் சிலமுறை போயிருக்கிறேன். வாசலில் சுவிட்சை அழுத்தினால் மணி அடிக்காது. உள்ளே மேடைக்கு மேலே ஒரு பல்பு எரியும். அவர் தன் கையாலேயே போட்ட வயரிங் அது. வேறு யாராவது வந்தால் ஒருமுறை எரியும். இவள் வந்தால் மூன்றுமுறை விட்டுவிட்டு எரியும். அதைப் பார்த்துத்தான் அவர் கதவைத் திறப்பார்.

காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தது பின்னால்தான். அதற்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், தீவைப் பற்றிச் சொல்லவேண்டியதையெல்லாம் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவர் முன்னால் சொல்லிப் பழகினாள். அவர் உதட்டைப் பார்த்தே படித்துவிடுவார். எங்கேயாவது விட்டுவிட்டால், "மலைக்கு அப்புறம் லைட்ஹவுஸ் வரணும்ல?" என்று எடுத்துக் கொடுப்பார். ஒருநாள்கூடப் போகாத தீவு அவருக்கு அப்படி மனப்பாடம்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் பட்டியலில் இருபத்தெட்டுப் பேர்தான். படகில் முப்பது இருக்கை. இடம் இருந்தால் வீட்டு ஆள் ஒருவரைப் பட்டியலில் எழுதாமல் ஏற்றிக்கொள்ளலாம் என்று மேனேஜர் எங்களுக்கு வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். அவள் வீட்டுக்காரரைக் கூட்டி வந்தாள். இஸ்திரி போட்ட சட்டை, புது மஞ்சள் தொப்பி. பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வந்தவர் போலப் படகுத்துறையில் நின்றார்.

"மாப்ள, என்கூட வந்து உக்காருங்க," என்று சுக்கானுக்குப் பக்கத்து முக்காலியைக் காட்டினேன். அவள் எனக்குத் தங்கை முறை என்றால் அவர் மாப்பிள்ளைதானே. போகும்போது ஒன்றரை மணி நேரம் என் பக்கத்திலேயே இருந்தார். ஒலிபெருக்கியில் அவள் பேசப் பேச, இவர் வாய்க்குள்ளேயே கூடச் சொல்லிக்கொண்டு வந்தார். தண்ணீர் தெறித்ததும் காது மிஷினைக் கழற்றி, பின்னால் போய் அவளிடம் கொடுத்துவிட்டு வந்தார். அது நனைந்தால் தொலைந்தது. அவள் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இனி என் வாய்க்கொழுப்பைச் சொல்கிறேன்.

தீவின் மேற்குப் பக்கத்தில் ஒரு குகை இருக்கிறது. கடல் வற்றியிருக்கும்போது உள்ளே நடந்து போகலாம். மதியம் இரண்டரை வாக்கில் மேலே ஒரு பிளவு வழியாக வெயில் விழுந்து, உள்ளே தேங்கிய தண்ணீர் முழுக்க நீலமாகிவிடும். கடல் ஏற ஆரம்பித்தால் முதலில் வாசல் பள்ளம் நிறையும், அன்றைய கணக்குக்கு நாலரை மணிக்கெல்லாம் வாசலே மூழ்கிவிடும். அதனால் அவள் அந்தக் குகையைப் பற்றி எந்தப் பயணியிடமும் மூச்சு விடமாட்டாள். யாருக்கும் சொல்லக்கூடாது என்று எங்களிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். சாப்பாட்டு வேளையில் நான் அவருக்கு அதைச் சொன்னேன். அவருக்குக் கேட்காது என்பதால் மணலில் குச்சியால் வரைந்தே காட்டினேன். அவள் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமை. தகரத்தில் வெயில் பட்டால் எப்படி இருக்கும் என்று பார்த்தே பிழைத்த மனிதர். கண் விரிந்துவிட்டது. கடல் ஏறும் நேரத்தையும் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் எஞ்சின்காரர் கூப்பிட்டார், போய்விட்டேன்.

மூன்றேகாலுக்கு விசில் அடித்தது. மூன்று நீள ஊதல். வானம் மூடிக்கொண்டு வந்தது, காற்று திரும்பியிருந்தது. அவள் பலகையருகே நின்று எண்ணினாள். உட்கார்ந்தபின் மறுபடி எண்ணினாள். இருபத்தெட்டு. பட்டியலிலும் இருபத்தெட்டு. கட்டைவிரல் உயர்ந்தது. என் பக்கத்து முக்காலி காலியாக இருந்தது. திரும்பும்போதாவது பெண்டாட்டி பக்கத்தில் உட்காரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் முன்னால் என்னோடு இருக்கிறார் என்று அவள் நினைத்தாள். படகு கிளம்பிவிட்டது.

இருபது நிமிடம் போயிருப்போம். அலை பெரிதாகியிருந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "ஏம்மா, உன் பையில ஏதோ கத்துதே," என்றார்.

மெல்லிசாக, விடாமல், ஊசி போன்ற ஒரு சத்தம். அணைக்காமல் எதற்குள்ளாவது போட்டு அமுக்கினால் காது மிஷின் அப்படித்தான் கீச்சிடும். துவட்டும் துண்டு ஏதோ அதன்மேல் அழுந்தியிருக்க வேண்டும். அவள் பையைத் திறந்து மிஷினை எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். காலி முக்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, அவரு எங்க?"

அவர் குகையில்தான் இருப்பார் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் என் வாயில் வந்தது வேறு.

"தெரியலம்மா. நான் பாக்கல."

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சுக்கானை ஒடித்துப் படகைத் திருப்பினேன். அதை மட்டும் உடனே செய்தேன். பயணிகள் எல்லாரும் ஒருபக்கமாகச் சாய்ந்தார்கள். துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் எழுந்து வந்து, எட்டு மணி ரயிலுக்கு டிக்கெட் போட்டிருப்பதாகச் சொன்னார்.

"ஒரு ஆள் தீவுல நிக்கிறாருங்க," என்றாள் அவள்.

"இருபத்தெட்டுன்னு நீங்கதானம்மா எண்ணிச் சொன்னீங்க? நான் கேட்டேனே."

"ஆமாங்க. எண்ணினேன்." குரல் உடைந்துவிட்டது. "எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு. என் வீட்டுக்காரரை நான் எண்ணல."

துணிக்கடைக்காரர் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அவள் என் பக்கம் திரும்பி, தனக்குத்தானே பேசுவது போலச் சொல்லிக்கொண்டே போனாள். விசில் கேட்டிருக்காது, எங்கேயாவது மர நிழலில் படுத்திருப்பார், துறைக்கு வந்து படகைக் காணாமல் உட்கார்ந்திருப்பார், குளிருக்கு ஒரு துண்டுகூட இல்லை. அவள் பயப்படுவதெல்லாம் குளிருக்கு. எனக்குத் தெரிந்தது வேறு. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று ஐம்பத்தைந்து. தீவுத் துறைக்குப் போய்த் தேட ஆரம்பித்தால் முடிந்தது கதை.

"துறைக்குப் போகவேணாம்மா," என்றேன். "குகைக்குப் போவோம். நான்தான் சொன்னேன் அவருகிட்ட."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எத்தனை மணிக்குச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அவள் விரலை மடக்கி நேரம் கணக்குப் போட்டாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கீச்சுச் சத்தம் அவள் உள்ளங்கைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. அணைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அணையுங்கள் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

மேற்குப் பக்கம் வந்தபோது நாலே கால். குகை வாசலில் அலை மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. வாசல் உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளிதான் மிச்சம். அலை வரும்போது அதுவும் மூடி, போகும்போது திறந்தது. பாறைக்குப் பயந்து ஐம்பது அடி தள்ளியே படகை நிறுத்தினேன். உள்ளே ஒரே இருட்டு. ஒரு மனிதன் இருக்கிறான் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. பயணிகளில் யாரோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். காது கேட்காதவரை யார் கூப்பிட்டு என்ன பயன்?

"அண்ணே, பெரிய லைட்டு," என்றாள் அவள்.

படகின் முகப்பில் ஒரு பெரிய விளக்கு உண்டு, மூடுபனிக்காக. அதைத் திருப்பிக் குகை வாசலுக்கு நேராக வைத்தேன். அலை இறங்கி வாசல் திறந்த நேரம் பார்த்து அவளே சுவிட்சை அழுத்தினாள். போட்டாள், அணைத்தாள். போட்டாள், அணைத்தாள். போட்டாள், அணைத்தாள். வீட்டு வாசலில் நின்று அழுத்துவது போலவே, அதே இடைவெளி விட்டு மூன்றுமுறை. பிறகு எஞ்சினை நிறுத்தச் சொன்னாள்.

ஒன்றும் இல்லை. அலை வந்தது, போனது. அவள் மறுபடியும் மூன்றுமுறை அழுத்தினாள். அடுத்த அலை பின்வாங்கியபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. கல்லோடு கல் மோதும் சத்தம். டக், டக், டக். தகரம் அடித்த கை. ஒரே சீராக, அவசரமில்லாமல் அடித்தது.

அவள் அழவில்லை. "இருக்காரு," என்றாள். விளக்கைப் போட்டு, அணைக்காமல் விட்டுவிட்டாள்.

எஞ்சின்காரர் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். நான் மிதவை வளையத்தில் கயிற்றைக் கட்டி மறுமுனையை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். நான் ஒன்றும் வீரனில்லை. முப்பது வருடம் கடலில் இருந்தும் அந்த நேரத்தில் அந்தக் குகைக்குள் நான் போனதில்லை, போகவேண்டும் என்று நினைத்ததும் இல்லை. ஆனால் படகில் நின்று அவள் முகத்தைப் பார்ப்பதைவிடத் தண்ணீருக்குள் இறங்குவது சுலபமாக இருந்தது. வாசலில் ஒரு அலை என்னைத் தூக்கிப் பாறைக் கூரையில் இடித்தது. அடுத்தது உள்ளே தள்ளிவிட்டது.

விளக்கு வெளிச்சம் தண்ணீருக்கு மேலாக ஒரு கீற்றாக வந்துகொண்டிருந்தது. அவர் கடைசிச் சுவரில் ஒரு பாறைத் திட்டில், இடுப்பளவு தண்ணீரில், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். கையில் ஒரு கல். தலையில் மஞ்சள் தொப்பி. அது ஏன் கழன்று விழவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அந்தக் குகைக்குள் அவர் பேசியது எட்டுத் திசையிலும் அதிர்ந்தது.

"வந்துட்டீங்களா. திரும்பிப் பாக்கறதுக்குள்ள வாசல்ல தண்ணி வந்துருச்சு. நீச்சல் தெரியாது. சரி, அவ எண்ணிப் பாப்பா, ஒரு ஆள் குறையும், உடனே வந்துருவான்னு அசையாம நின்னுட்டேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்குக் கேட்டிருக்காது. அந்த ஒரு விஷயத்தில் அன்றைக்கு எனக்கு அதிர்ஷ்டம்தான்.

வளையத்தை அவருக்கு மாட்டினேன். வாசல் அநேகமாக மூழ்கியிருந்தது. கொஞ்சதூரம் தண்ணீருக்கு அடியில்தான் போகவேண்டும். அதை எப்படிச் சொல்வது? என் மூக்கைப் பிடித்துக் காட்டினேன், தலையை அமுக்கிக் காட்டினேன். அவர் கண்ணில் அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை அவருக்குப் பயமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. படகில் இருப்பவர்கள் இழுக்கட்டும் என்று கயிற்றை மூன்றுமுறை சுண்டினேன். அவர் மூக்கை நானே பொத்திக்கொண்டு, வளையத்தோடு அவரை அமுக்கித் தண்ணீருக்கு அடியில் போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலை பாறையில் உரசியது. காதுக்குள் ஒரே இரைச்சல். நுரையீரல் வெடித்துவிடும் என்று நினைத்த நேரத்தில் மேலே வெளிச்சம் தெரிந்தது.

துணிக்கடைக்காரரும் இன்னும் நான்கு பேரும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். துணிக்கடைக்காரரின் உள்ளங்கை தோலுரிந்திருந்தது. ரயிலைப் பற்றி அவர் அதன்பிறகு பேசவில்லை.

அவள் வீட்டுக்காரரை மேலே ஏற்றித் துண்டு போர்த்தினார்கள். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அவள் கிட்டே வந்து முதலில் அவர் தொப்பியைத் தொட்டாள், எப்போதும் ஆட்களைத் தொடுவது போல ஒரு விரலால். பிறகு காதைத் துடைத்து மிஷினை மாட்டிவிட்டாள். கீச்சுச் சத்தம் நின்றது.

"அந்த நீலம் இருக்கே," என்று அவர் ஆரம்பித்தார். "நீ அதை மட்டும் எங்கிட்டச் சொன்னதே இல்ல."

"ஆமா. சொல்லல."

"எத்தனாவது எண்ணும்போது நான் இல்லைன்னு உனக்குத் தெரிஞ்சுது?"

சும்மா கேட்டார். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்பது போல, சிரித்துக்கொண்டே கேட்டார். நான் ஈரத்தோடு சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டுப் பேருக்கும் பதில் தெரியும். துணிக்கடைக்காரர் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பை கத்துகிறது என்று சொன்ன அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"ஒண்ணுலயே," என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அதானே," என்று சொல்லி அவள் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நகரத்து விளக்குகள் தெரியும்வரை அவள் அசையவில்லை. ஒரு கை அவர்மேல், ஒரு கை கம்பியில். படகுத்துறையில் இறங்கும்போது இருபத்தெட்டுப் பேரும் ஒருவர்பின் ஒருவராக அவளைக் கடந்து போனார்கள். ஒருவர்கூட அவரிடம் எதையும் சொல்லவில்லை. என்னிடம் அவள் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றுவரைக்கும் பேசியதில்லை. திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறாள், பழையபடியே.

மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டாள். அவர் அதன்பிறகு படகில் ஏறவில்லை. இப்போதும் அவள் பலகையருகே நின்று எண்ணுகிறாள். முதல் தொப்பியைத் தொடுவதற்கு முன்னால் விரல் காற்றில் நின்றுவிடுகிறது. உதடு 'ஒண்ணு' என்கிறது, ஆனால் அங்கே யாரும் இல்லை. அப்புறம் 'ரெண்டு' என்று முதல் ஆளைத் தொடுகிறாள். முடிக்கும்போது பட்டியலைவிட ஒன்று கூடுதலாக வரும். ஒன்றைக் கழித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்குகிறாள். சிலநாள் கழிக்கத் தோன்றாமல் அப்படியே நின்றுவிடுவாள், மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். மூன்றுமுறை, நான்குமுறை. பயணிகள் முணுமுணுப்பார்கள். நான் எஞ்சினில் கைவைக்காமல் காத்திருப்பேன்.